சால்ஸ்பேர்க்கில் நான் கேட்ட ஒரு மணித்தியாலம்

“மட்டக்களப்புல ஒரு மணித்தியாலம் காட்டுறதுக்கு அப்படி என்ன இருக்கு? அந்த வாவியில பாடுற மீனை விட்டா?”

கொழும்பில், குளிரூட்டிய அறையொன்றில், கண்ணாடி மேசைக்கு அப்பால் இருந்து சுகந்தி மெடம் இதைக் கேட்டார். ஆஸ்திரியாவுக்குப் பயிற்சிக்குப் போகும் சுற்றுலா வழிகாட்டிகளைத் தெரிவு செய்யும் நேர்முகத் தேர்வு அது. குழுவுக்குப் பொறுப்பு அவர்.

“மெடம் எங்கட ஊருக்கு எத்தின தரம் வந்திரிக்கிறீங்க?” என்று நான் திருப்பிக் கேட்டேன்.

“ரெண்டு தரம். பாசிக்குடா ஹோட்டல்ல தங்கினோம்.”

பாசிக்குடா எங்கள் நகரத்துக்கு வடக்கே, வாழைச்சேனைப் பக்கம். அதாவது மெடம் எங்கள் நகரத்து வாவியின் பாலத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் என்னைத் தெரிவு செய்தார்கள். கிழக்கிலிருந்து ஒரு பெண் கட்டாயம் வேண்டும் என்று பயிற்சியை நடத்துபவர்கள் கேட்டிருந்தார்களாம். அதைப் பிறகுதான் அறிந்தேன். விமானத்தில் ஏறும்போதே எனக்குக் கோபம் தொடங்கிவிட்டது.

மட்டக்களப்புக்குத் தெற்கே தேற்றாத்தீவில் எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா வாவியில் வீச்சுவலை போடுகிறவர். அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என்னுடைய சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்டதால்தான். மட்டக்களப்பு நகரத்தை ஒட்டிய கல்லடியில் ஒரு விருந்தினர் விடுதியில் மூன்று வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தை நான் எவரிடமும் இரவல் வாங்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பயிற்சி ஆறு நாள். பழைய நகரத்தை எப்படிக் காட்டுவது என்று ஒரு பழைய நகரத்திலேயே வைத்துச் சொல்லித் தருவார்கள். கடைசி நாளில் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு மணித்தியாலம். எங்கள் ஊரில் எதை, எந்த வரிசையில், எப்படிக் காட்டுவோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் பயிற்சியை நடத்துபவர்கள், அடுத்த பருவத்தில் பயணிகள் எந்த ஊரில் இரவு தங்குவது, எந்த ஊரில் நின்று போவது என்று தீர்மானிப்பார்கள். அவர்களுடைய தாளில் எங்கள் ஊருக்கு நேரே “மதியச் சாப்பாடு, ஐம்பது நிமிடம்” என்று இருந்தது. பாசிக்குடாவிலிருந்து தெற்கே அறுகம்பைக்குப் போகிற பஸ் எங்களிடம் சோறு தின்ன நிற்கும். அந்த வரியை மாற்றத்தான் நான் போனேன்.

கிழக்கிலிருந்து இன்னொருவரும் வந்தார். றிஸ்வி நானா, காத்தான்குடி. அங்கே அண்ணனை நானா என்பார்கள். சுற்றுலா வேன் ஓட்டுபவர், நாற்பது வயது. கோபமே வராத மனிதர். பெட்டியில் பாதி இடம் மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தல்.

முதல் நாள். சால்ஸ்பேர்க் அழகில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நடுவில் ஆறு, இரு கரையிலும் தேவாலயக் கூம்புகள், மேலே மலைமுடி முழுவதும் ஒரே கோட்டை. எந்தத் தெருவில் நின்றாலும் தலையை நிமிர்த்தினால் கோட்டை தெரியும். சித்திரை மாதக் குளிர் சப்பாத்துக்குள் புகுந்து விரலைக் கடித்தது.

அங்கே பஸ் மின்கம்பியில் ஓடுகிறது. கூரையிலிருந்து இரண்டு நீளக் கம்புகள் மேலே போய்க் கம்பியைத் தொடும். நாங்கள் ஏறிய பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது அந்தக் கம்புகள் கழன்றுவிட்டன. பஸ் செத்தது. சாரதி அம்மா கையுறை போட்டுக்கொண்டு இறங்கி, பின்னால் போய்க் கயிற்றை இழுத்து, அண்ணாந்து பார்த்துக் கம்பைக் கம்பியில் கொழுவினார். ஒருவரும் சத்தம் போடவில்லை.

“மாங்கா பறிக்கிற மாதிரிப் பறிக்கிறா, பாத்தயா புள்ள?” என்றார் றிஸ்வி நானா. “நம்மட ஊர்ல இப்பிடி நிண்டா பஸ்ஸுக்குள்ள இரிக்கிற அம்பது பேரும் இறங்கி அறிவுரை சொல்லுவானுகள்.”

மத்தியானம் பேக்கரிப் பாணை உருண்டையாக அவித்துக் காளான் குழம்பு ஊற்றித் தந்தார்கள். நானா கரண்டியால் தட்டிப் பார்த்தார். “பழைய பாணை நாங்க ஆட்டுக்குப் போடுற. இவங்க உருட்டி அவிச்சி மேசையில வைக்கிறாங்க. ஆனா சோக்காத்தான் இரிக்கி.” சம்பல் வைத்து மூன்று உருண்டை சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் கோட்டை. எங்களைக் கூட்டிப் போனவர் பயிற்சியாளர் கத்தரீனா. என் வயதுதான் இருக்கும். சிரிப்பை மிச்சம் பிடிக்கிற பெண். மதிலோரம் நிறுத்தி ஒரு கதை சொன்னார். முன்னொரு காலம் எதிரிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே சாப்பாடு தீர்ந்து ஒரேயொரு காளை மிஞ்சியது. அதை மதில்மேல் நடத்திக் காட்டினார்கள். மறுநாள் அதே காளைக்கு வேறு நிறம் பூசி நடத்தினார்கள். அடுத்த நாள் இன்னொரு நிறம். உள்ளே நிறைய மாடு நிற்கிறது என்று எண்ணி எதிரி போய்விட்டான். பிறகு காளையை ஆற்றில் கழுவினார்களாம். அதனால் அந்த ஊர்க்காரருக்கு இன்றைக்கும் மாடு கழுவிகள் என்று பட்டம்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாடு! ஒரேயொரு மாட்டை வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறையாக ஊரைக் கூட்டிக் கதை சொல்கிறார்கள். நாங்கள் ஒரு வாவியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம்.

அப்போது கத்தரீனா என்னைப் பார்த்துக் கேட்டார். “உங்கள் ஊரிலும் வாவிக்கரையில் ஒரு ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறதல்லவா? அதற்கு எத்தனை கொத்தளங்கள்?”

“தேடிப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

அந்தக் கோட்டைக்குள் நான் இருபது தடவையாவது போயிருப்பேன். நெடுங்காலம் அதற்குள் அரச அலுவலகங்கள் இயங்கின. அப்பாவுக்கு ஒரு கடிதம், அம்மாவுக்கு ஒரு கையெழுத்து என்று கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவோம். முன்னால் நிற்கிறவரின் பிடரியைப் பார்த்தோமே தவிர, மதிலை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான்கு என்று அன்றைக்குக் கைத்தொலைபேசியில் தேடித்தான் கண்டுபிடித்தேன். சுகந்தி மெடத்தின் மேல் இருந்த கோபத்தில் பாதியை அன்று எனக்கே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கத்தோலிக்கப் பெண், காலையில் பூசைக்கு ஒரு தேவாலயத்துக்குப் போனேன். அதன் பெயர் வேண்டாம். வாசலில் கழற்றிய சப்பாத்து ஒன்றும் இல்லை. எல்லோரும் போட்டபடியே டக் டக்கென்று உள்ளே போனார்கள். எனக்கும் கண் இருக்கிறது, பார்த்தேன். ஆனால் என் கால் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒருவரும் உள்ளே போக மாட்டார்கள். பிறந்ததிலிருந்து பழகிய கால். சப்பாத்தைக் கழற்றி, காலுறையை அதற்குள் சுருட்டி வைத்து, தூணோரம் ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். தரை பனிக்கட்டி. இருந்தாலும் நிம்மதியாகப் பூசை கண்டேன்.

வெளியே வந்தால் சப்பாத்து இல்லை.

உள்ளே போய்க் கேட்டேன், எவருக்கும் விளங்கவில்லை. வெறுங்காலோடு தெருவில் நடக்க முடியாது. படியில் குந்தி, துப்பட்டாவால் காலைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் வந்தார். அமைதியாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் சொன்னார். “இங்கே உட்கார முடியாது. இந்த இடத்தில் பிச்சை கேட்பதற்கு அனுமதி இல்லை.”

“நான் பூசைக்கு வந்தவள்” என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். “தயவுசெய்து எழும்புங்கள்” என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் குழு சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தது. சுகந்தி மெடம் முன்னால்.

“ஜெசிந்தா! என்ன இது? எல்லாரும் பாக்குறாங்க!”

“சப்பாத்தைக் காணல்ல மெடம். வாசல்ல கழட்டி வச்ச.”

“வாசல்ல கழட்டினீங்களா? எதுக்கு?”

“கோயிலுக்குள்ள போட்டுட்டுப் போறல்லயே.”

“அது உங்க ஊர்ல! இங்க வந்து இப்படிப் பண்ணா, என்னைத்தானே கேப்பாங்க?”

றிஸ்வி நானா விடுதிக்கு ஓடிப்போய்த் தன்னுடைய குளியலறைச் செருப்பைக் கொண்டுவந்தார். என் இரண்டு காலும் அதில் ஒன்றுக்குள்ளேயே போய்விடும். “போடு புள்ள. நாங்களும் பள்ளிவாசல்ல கழட்டித்தானே போற. இவங்கட கடவுளுக்குச் சப்பாத்துச் சத்தம் கேக்காட்டி நித்திர வராதாக்கும்.”

“அவர் என்ர கடவுளுந்தான் நானா.”

“அப்ப நீயே அவருக்கிட்டச் சொல்லி வை.”

பத்து நிமிடத்தில் துப்புரவு செய்கிற ஒரு பெண் பொலித்தீன் பையோடு ஓடி வந்தார். எவரோ விட்டுப்போன பழைய சப்பாத்து என்று எண்ணிக் கழிவுப் பெட்டியருகே வைத்துவிட்டாராம். பழைய சப்பாத்து! கொழும்பில் இந்தப் பயணத்துக்காகவே வாங்கியது. அவர் கையைக் கூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டார். மஞ்சள் மேலங்கிக்காரர் கேட்கவில்லை.

சப்பாத்து வந்தது, ஆனால் வேறொன்று போனது. மத்தியானச் சாப்பாட்டின்போது மெடம் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து சொன்னார். “இங்க பாருங்க ஜெசிந்தா, தப்பா நினைக்காதீங்க. கடைசி நாள் கிழக்கு மாகாணத்தை நானே ப்ரெசன்ட் பண்றேன். என்கிட்ட படமெல்லாம் இருக்கு. நீங்க சேலை கட்டிட்டு வந்து முடிவில ஒரு வணக்கம் சொன்னா போதும், அழகா இருக்கும்.”

ஒரு சப்பாத்துச் சோடியால் என் மணித்தியாலம் போய்விட்டது. கையிலிருந்த முள்ளுக்கரண்டியைக் கவனமாகக் கீழே வைத்தேன்.

நான்காம் நாள் நகரத்துக்கு வெளியே ஹெல்புறுன் என்ற மாளிகைக்குப் போனோம். அந்தக் காலத்தில் சால்ஸ்பேர்க்கை ஆண்டவர்கள் பேராயர்கள். அவர்களில் ஒருவர் விருந்தினரை நனைத்து வேடிக்கை பார்ப்பதற்காகவே கட்டிய தோட்டம். அங்கே ஒரு நீளக் கல்மேசை, சுற்றிவரக் கல் இருக்கைகள். தலைமாட்டில் பேராயரின் இருக்கை.

“யாராவது வந்து உட்காருங்கள்” என்றார் மாளிகையின் வழிகாட்டி.

மெடம் நேரே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார். “ஜெசிந்தா, றிஸ்வி, வாங்க. சும்மா ஒரு போட்டோவுக்கு.”

உட்கார்ந்தோம். இருக்கையின் நடுவில் இருந்த ஓட்டையை நான் கவனிக்கவில்லை. மறுநிமிடம் கீழிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்தது. முதுகு, தலை, கைப்பை எல்லாம் நனைந்தன. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமாட்டு இருக்கையில் மட்டும் ஒரு துளி இல்லை. மெடம் இந்த ஊருக்கு முன்பும் வந்தவர், எந்த இருக்கை காயும் என்று அறிந்தவர்.

“பேராயர் எழும்பும் வரை விருந்தினர் எழும்பக் கூடாது. அதுதான் அந்தக் காலத்து மரியாதை” என்று வழிகாட்டி விளக்கினார். மறுபடியும் சிரிப்பு.

“எழும்பினால் என்ன செய்வார்?” என்று நான் கேட்டேன்.

“ஒருவரும் எழும்பியதாகக் கேள்விப்படவில்லையே” என்றார்.

நானாவும் சிரித்தார். “குளிரான குளிர்ல குளிப்பாட்டி விட்டானுகள்! நம்மட வேனுல வாற ஆக்களுக்கு இப்பிடிச் செஞ்சா உதைப்பானுகள் புள்ள.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல் கிடுகிடுத்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர் தானாகப் பாயவில்லை. வழிகாட்டி சும்மா சாய்ந்து நிற்பதுபோல் நின்று, முதுகுக்குப் பின்னால் ஒரு பிடியைத் திருப்புகிறார். அதற்குப் பிறகு நான் சிலைகளைப் பார்க்கவில்லை, குகைகளைப் பார்க்கவில்லை. அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைசிவரை என்மேல் இன்னொரு துளி விழவில்லை.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் மெடத்தைத் தாண்டிப் போய்க் கத்தரீனாவின் அருகில் உட்கார்ந்தேன். “என் ஊருக்குரிய மணித்தியாலத்தை நான்தான் பேச வேண்டும்” என்றேன்.

“அது உங்கள் குழு தீர்க்க வேண்டியது” என்றார் அவர், யன்னலைப் பார்த்தபடி. பிறகு, “ஆனால் கேள்வி நேரத்தில் எவரும் எழும்பலாம்” என்றார்.

ஐந்தாம் நாள் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். அந்த ஊரில் பிறந்த இசைமேதையின் முகம் ஒட்டிய சொக்கலேற் உருண்டைகளை நானா பை நிறைய வாங்கினார், அதில் மதுசாரம் இருக்கிறதா என்று கடைக்காரியிடம் மூன்று தடவை கேட்டுவிட்டு. நான் ஆற்றின்மேல் இருந்த நடைபாலத்தில் நின்று, என் வாவியை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். போகிறவர்கள் விலகிப் போனார்கள்.

ஆறாம் நாள். பாதைகளைத் தீர்மானிக்கும் குழு முன்வரிசையில். நரைத்த தலைவர் ஒருவர், இரண்டு பெண்கள். மெடம் படங்களை ஓட்டத் தொடங்கினார். கடல், தென்னை, இன்னொரு கடல். பன்னிரண்டாவது நிமிடத்தில் “இதுதான் மட்டக்களப்பு” என்று ஒரு படம் போட்டார். கடலுக்குள் நட்ட கம்பத்தில் குந்தியிருந்து தூண்டில் போடுகிற மீனவர். அது தென்கரைப் படம். எங்கள் பக்கம் எவரும் அப்படி மீன் பிடிப்பதில்லை.

நான் எழும்பினேன். “அது எங்கட ஊர் இல்ல” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஜெசிந்தா, உட்காருங்க” என்றார் மெடம், சிரித்த முகத்தோடு, பல்லுக்கிடையால்.

உட்காரவில்லை. “என்னுடைய அப்பா மீனவர். இதை அவருக்குக் காட்டினால் எந்த நாடு என்று கேட்பார்” என்றேன்.

மெடம் அடுத்த படத்தைப் போட்டு, இரண்டு வசனத்தில் முடித்து, நன்றி சொன்னார். அப்போது பின்வரிசையிலிருந்து றிஸ்வி நானா கையை உயர்த்தினார். அவருடைய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம், ஆனால் அன்று எல்லோருக்கும் விளங்கியது. கிழக்குக்கு ஒரு மணித்தியாலம் என்று தந்தீர்கள், பதினைந்து நிமிடந்தான் போயிருக்கிறது, மிச்சத்தை இந்தப் பிள்ளை பேசட்டும் என்றார். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “அரை மணித்தியாலம்” என்றார்.

பேசினேன். வரிசையாகப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் ஆங்கிலம் தடுக்கியது. காலையில் கல்லடிக் கரையில் கரைவலை இழுப்பதைச் சொன்னேன். பழைய இரும்புப் பாலத்திலிருந்து தோணிகளைப் பார்ப்பதைச் சொன்னேன். இன்றைக்கும் வீட்டில் போர்த்துக்கேயச் சொற்கள் பேசுகிற, ஐரோப்பிய வழிவந்த பறங்கியத் தச்சரைச் சொன்னேன். காத்தான்குடி நெசவைச் சொன்னபோது நானா எழும்பிப் பையிலிருந்த கைத்தறிச் சாரமொன்றை விரித்துக் காட்டினார். கோட்டைக்குள் கோப்போடு போன கதையையும், கொத்தளம் எத்தனை என்று எனக்குத் தெரியாமல் போனதையும் சொன்னேன். அதற்கு மட்டும் கத்தரீனா சிரித்தார்.

முடிந்ததும் அவரே முதல் கேள்வி கேட்டார். “பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போகிறீர்கள். வழியில் கழிப்பறை எங்கே? பத்து மணிக்கு மேல் நிழல் எங்கே? ஒருவருக்கு நடக்க முடியாமல் போனால் எங்கே இருத்துவீர்கள்?”

மூன்று கேள்வியையும் எழுதிக்கொண்டேன். கதை மட்டும் கொண்டு போயிருந்தேன்.

ஊர் திரும்பி மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மட்டக்களப்பு: மதியச் சாப்பாடு. ஐம்பது நிமிடம் எழுபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அந்த எழுபத்தைந்து நிமிடமும் உணவகத்து வாசலில் சேலையோடு நின்று பயணிகளை வரவேற்கும் வேலைக்கு என்னை மெடம் சிபாரிசு செய்திருந்தார். ஒரே வரியில் பதில் எழுதினேன். மாட்டேன் என்று.

மறுநாளே பேனையும் மணிக்கூடும் எடுத்துக்கொண்டு என் பாதையை நடந்தேன். வெயில் எந்த மணிக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று எழுதினேன். நிழலுக்கு மூன்று மரம் கண்டேன். பறங்கியத் தச்சரின் வீட்டில் கழிப்பறைக்குக் கேட்டேன். அவர் மனைவி, “வாங்கவன் பிள்ள, வாறாக்களுக்குத் தேத்தண்ணியும் வச்சித் தாறன்” என்றார். கதிரையும் போடுவதாகச் சொன்னார். நடக்க முடியாதவர்களுக்கு நானாவின் வேன் பின்னால் வரும். வழிகாட்டி உரிமத்துக்கு என் சொந்தப் பெயரில் விண்ணப்பித்தேன். கோட்டைக்குள் ஆட்களைக் கூட்டிப் போக அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து, அது கிடைத்ததற்கு ஒப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். கல்லடி விடுதிகளில் ஒரு தாள் ஒட்டினேன்.

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏழு பேர் வந்தார்கள். நான்கு பேர் வெளிநாட்டவர், மூன்று பேர் வாழைச்சேனையிலிருந்து வந்த ஆசிரியைகள். கரைவலை இழுக்கிறவர்கள் ஆசிரியைகளையும் பிடித்து இழுக்க வைத்துவிட்டார்கள். பாலத்தில் ஒரு ஜெர்மன்காரர் தோணிகளை எண்ணத் தொடங்கி நிறுத்தவே இல்லை. ஒரு மணித்தியாலம் கடந்து ஏழு மணியாகியும், தச்சர் வீடு மிச்சமிருக்க, நாங்கள் பாலத்தை விட்டு இறங்கவில்லை. வருகிற சனிக்கிழமை ஆட்களை ஐந்தரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.